தொட்டி நிரம்பும்வரை

மார்லி குளியலறைத் தரையில் மண்டியிட்டு, வடிகால் துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தாள். உள்ளே தண்ணீர் மினுங்கியது.

"என்ன, வந்துருச்சா?" என்று வெளியிலிருந்து கேட்டார் அப்பா.

மார்லி டார்ச்சை அணைத்தாள். பொய் சொல்ல மனம் வரவில்லை.

டிரக்கில் மாட்டி இழுத்துப்போகும் அவர்களுடைய வீட்டு வண்டி நின்றது பாலைவனத்தில். அங்கே சாக்கடை கிடையாது. பாத்திரம் கழுவினாலும் பல் தேய்த்தாலும், தண்ணீர் வண்டிக்கு அடியில் உள்ள தொட்டியில்தான் சேரும். மணலில் ஊற்றக் கூடாது. தொட்டி நிரம்பினால் குளியலறைத் துளைவழியே எட்டிப் பார்க்கும். பிறகு வண்டியை ஊருக்கு இழுத்துப்போய்க் கொட்டியாக வேண்டும்.

ஊருக்குப் போனால் அப்படியே கலிஃபோர்னியாதான். திங்கட்கிழமை அப்பாவுக்கு அங்கே வேலை.

ஆனால் டோவி இன்னும் வரவில்லையே.

"அடுத்த குளிர்காலமும் இதே கள்ளிக்குக் கீழதான். நான் வர்ற வரைக்கும் நகராத" என்று போன வருடம் சொல்லிவிட்டுப் போன தோழி டோவி. சரியான வாயாடி. மார்லிக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள்.

அவளுக்காகத்தான் மார்லி சொட்டுச் சொட்டாக மிச்சம் பிடித்தாள். தட்டுகளைக் காகிதத்தால் வழித்த பிறகே கழுவினாள். கழுவிய நீரைப் பேசினில் பிடித்து, தனித் தொட்டி உள்ள கழிப்பறையில் ஊற்றினாள்.

"விட்டா பக்கத்து வண்டி நாயைக் கூட்டிட்டு வந்து தட்டை நக்க விடுவ போலிருக்கே" என்று அப்பா கேலி செய்தார்.

தூரத்தில் புழுதி எழும்போதெல்லாம் மார்லி ஓடிப்போய்ப் பார்ப்பாள். யாரோ வருவார்கள். டோவி வரமாட்டாள்.

இப்போது அப்பா கை துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். துளையைப் பார்த்தார், மகளைப் பார்த்தார்.

"கிளம்பிடலாம், கண்ணு."

"பக்கத்து வண்டி மிசஸ் ப்ரூயிட்கிட்ட சக்கரம் வச்ச நீலத் தொட்டி இருக்குப்பா. அதுல பிடிச்சு டிரக்குல கொண்டு போனா, வீடு இங்கயே நிக்கலாம்."

"முன்னப்பின்ன தெரியாதவங்ககிட்ட, 'உங்க சாக்கடைத் தொட்டியக் குடுங்க'ன்னு எப்படிக் கேக்கறது? எனக்கு வாய் வராது."

மார்லிக்கும் அதே வாய்தான். ஆனாலும் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

மிசஸ் ப்ரூயிட் கையில் கட்டோடு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நீலத் தொட்டி.

"உங்க தொட்டி ரொம்பியிருக்கு" என்றாள் மார்லி. சொல்லிவிட்டு நாயைத் தடவினாள். அது வாலை ஆட்டியது.

"தெரியும்மா. கை ஒடிஞ்சதிலிருந்து நானும் அதுவும் ஒருத்தரையொருத்தர் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கோம்."

"நாங்க டிரக்குல கொண்டு போய்க் கொட்டிட்டு வர்றோம். அப்புறம்... அதுலயே எங்களுதையும் ஒரு தடவை பிடிச்சுக்கலாமா? என் ஃப்ரெண்டு வரணும். வண்டி நகரக் கூடாது."

மிசஸ் ப்ரூயிட் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "இந்த நாத்தத்துக்கெல்லாம் ஈடாவாளா உன் ஃப்ரெண்டு?"

"ஆவா."

"அப்ப எடுத்துக்க."

அன்று டிரக் இரண்டு முறை ஊருக்குப் போய் வந்தது. அப்பா வழி நெடுக மூக்கைச் சுருக்கினார். மார்லி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிச் சிரித்தாள்.

சனிக்கிழமை மாலை மறுபடி புழுதி எழுந்தது. மார்லி ஓடவில்லை. ஓடி ஓடி ஏமாந்தது போதும் என்றிருந்தது. ஆனால் அந்த வண்டி கள்ளியை நோக்கித் திரும்பியது. நிற்பதற்குள் டோவி குதித்தாள்.

"வழியில டயர் போச்சு. நீ போயிருப்பேன்னு அழுதுட்டே வந்தேன் தெரியுமா? எங்கப்பா வேற, 'இத்தனை நாள் அவங்க தொட்டி தாங்காது'ன்னு சொல்லிட்டே வந்தாரு. எப்படித் தாங்குச்சு? இரு, இரு, நானே சொல்றேன், நீங்க குளிக்கவே—"

கலிஃபோர்னியாவுக்குக் கிளம்ப இன்னும் ஒரே ஒரு நாள்தான் இருந்தது. மார்லி தோழியின் கையைப் பிடித்துக் கள்ளியடியில் உட்கார வைத்தாள்.

"டோவி, கொஞ்சம் சும்மா இரு. இதை நான் சொல்றேன்."

டோவி திறந்த வாயை மூட மறந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.