நான் எழுதாத ஆயா

வாசகர் வட்டம் கூடுகிற பழைய நூலகத்தின் மாடிப்படியில் ஏறும்போது எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுத்து ஆட்களைத் தூங்கவைக்கிற டாக்டர் நான். என் முதல் மருத்துவத் திகில் நாவலைப் படித்துத் தூக்கம் போச்சு என்று நாலு பேர் சொன்னால் கசக்குமா? வெளியே மழை இருட்டு. அறைக்குள் நனைந்த துணியின் வாடை.

முதலில் எழுந்தவர் நாவலில் வரும் ஆஸ்பத்திரி ஆயாவைப் பற்றிப் பேசினார். நோயாளி மயங்கும்போது மேஜையோரம் வந்து கையைப் பிடித்துக்கொள்கிறாளே, அவள்தான். அவள் பிடித்தவர் யாரும் கண்விழிப்பதில்லை என்று படித்ததும் உடம்பே ஆடிப்போச்சாம்.

என் நாவலில் ஆயாவே கிடையாது.

வேறு ஏதோ புத்தகத்தைப் படித்துவிட்டு வந்து உயிரை வாங்குகிறார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். அடுத்தவரும் ஆயா என்றார். ஒரு கல்லூரிப் பெண் அவளை நினைத்து அழுததாகச் சொன்னாள். எந்தப் பக்கம் என்று கேட்டேன். எல்லோரும் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்கள்.

கிடைக்கவில்லை.

மறுநாள் என் தங்கைக்குப் பித்தப்பை ஆபரேஷன். சொந்தக்காரர்களுக்கு நாங்களே மயக்கம் கொடுப்பதில்லை, கை நடுங்கும். கூட வேலை பார்க்கும் டாக்டரிடம் விட்டுவிட்டுத் தலைமாட்டில் சும்மா நின்றேன். மருந்து ஏறியது. தங்கையின் இமைகள் மூடின. தளர வேண்டிய வலதுகை விரல்கள் எதையோ பற்றியதுபோல் மெல்ல மடங்கின.

மேஜையோரம் யாரும் இல்லை.

வெட்கத்தை விட்டுக் குனிந்து கெஞ்சினேன்.

"இவள விட்டுடும்மா. அடுத்த புத்தகம் உன்னப் பத்தியே எழுதறேன்."

விரல்கள் விரிந்தன.

கண்விழித்த தங்கை, என் முகம் ஏன் பேயறைந்த மாதிரி இருக்கிறது என்று கேலி செய்தாள். அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

வாக்குக் கொடுத்தாயிற்று, எழுதத்தான் தைரியம் வரவில்லை. எழுதினால் அவளை நானே வீட்டுக்குள் கூப்பிட்ட மாதிரி ஆகிவிடாதா? நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன். இதுவரை ஒரு வரி எழுதவில்லை.

சற்றுமுன் அந்தக் கல்லூரிப் பெண் போன் செய்தாள். என் இரண்டாவது நாவலை ஒரே மூச்சில் முடித்துவிட்டாளாம். குரல் அழுது கம்மியிருந்தது.

"ஆயா கதை மனசப் பிசையுது மேடம். ஆனா கடைசில அந்தத் தங்கச்சிய ஏன் சாகடிச்சீங்க?"

தங்கையைப் போனில் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். மணி அடித்துக்கொண்டே இருக்கிறது.