நீக்கப்பட்ட பதினேழாம் அத்தியாயம்

மழை விட்டும் பனி விடவில்லை. மலைமேல் அலுவலகமாக இருந்த பழைய ஓட்டுக் கட்டடத்தின் பூட்டைத் திறந்ததும் ஈரச் சுவரின் வாடை மெர்சியின் முகத்தில் அடித்தது. ஞாயிற்றுக்கிழமை. அவளுக்கு மட்டும் ஞாயிறு, திங்கள் எல்லாம் ஒன்றுதான் என்று அதிகாரி இளங்கோ முடிவு செய்து நாலு வருடம் ஆகிறது.

கொல்லிமலை மக்கள் சொன்ன வாழ்க்கைக் கதைகளை இருபத்துமூன்று அத்தியாயங்களாகத் தட்டச்சு செய்து மின்னூலாக்கியது அவள்தான். சாயங்காலம் ஐந்து மணிக்குள் அதை அனுப்பிவிட்டால், நாளை அவளுடைய மாறுதல் விண்ணப்பத்தில் இளங்கோ கையெழுத்துப் போடுவார். தூத்துக்குடியில் பாட்டி வீட்டில் வளரும் மகன், அம்மாவை வீடியோவில் பார்த்துச் சலித்து, போன மாதத்திலிருந்து போனுக்கே வர மாட்டேன் என்கிறான்.

இளங்கோவின் நிபந்தனை ஒன்றே ஒன்று. பதினேழாம் அத்தியாயம் வேண்டாம்.

அது எடப்புளி நாடு என்ற மலையூர்ப் பெண் சின்னக்கண்ணு சொன்னது. மகள் சங்கீதாவுக்குப் பிரசவ வலி கண்ட அன்று, அவசரத்துக்கு ஊருக்கு இருந்த ஒரே வண்டியான அலுவலக ஜீப் அதன் இடத்தில் இல்லை. எங்கே போனது என்று கடைசிவரை யாரும் சொல்லவில்லை. தூளி கட்டித் தூக்கிப்போன வழியிலேயே சங்கீதாவின் உயிர் பிரிந்தது.

“இத நாலு பேரு படிக்கோணும் கண்ணு” என்று மெர்சியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்ன சின்னக்கண்ணு, இரண்டு மாதம் முன்பு இருமி இருமியே செத்துப்போனாள். நேற்று அந்த அத்தியாயத்தை நீக்கும்போது மெர்சிக்கு மனசு உறுத்தியது. மகனை நினைத்துக்கொண்டு நீக்கிவிட்டாள்.

பொருளடக்கம் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. பதினாறாம் அத்தியாயத்துக்குக் கீழே ஒரு வெற்று வரி நின்றது. தொட்டால் வெற்றுப் பக்கம் திறந்தது. வழக்கமாக நடக்கும் தப்புதான். எழுத்தை அழித்துவிட்டுத் தலைப்பு வரியை விட்டுவைத்தால் மென்பொருள் அதையும் தலைப்பாகவே எண்ணிக்கொள்ளும். வரியையும் அழித்துவிட்டுப் பொருளடக்கத்தைப் புதிதாக உருவாக்கினாள்.

அதே இடத்தில் ‘சின்னக்கண்ணு’ என்று வந்தது.

மின்னூலில் பொருளடக்கம் இரண்டு இருக்கும். ஒன்று புத்தகத்திலேயே ஒரு பக்கம். இன்னொன்று செயலியின் ஓரத்தில் விரிவது. ஒன்றில் அழித்து மற்றதில் விட்டிருப்போம் என்று இரண்டிலும் தேடி அழித்தாள். சேமித்தாள். மறுபடி திறந்தாள்.

இரண்டிலும் இருந்தது.

பின்னால் பெஞ்சில் யாரோ இருமினார்கள்.

பெஞ்சு காலி. ராத்திரியெல்லாம் தூங்காத கண்ணும் காதும் இப்படித்தான் ஏமாற்றும் என்று மெர்சி திரும்பிக்கொண்டாள். பயப்படக்கூட உடம்பில் தெம்பில்லை.

மூன்று மணிக்குக் காவலாளி காளியண்ணன் ஒரு டம்ளர் வெந்நீரோடு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

“அந்தம்மா இன்னும் பேசி முடிக்கலீங்களா?” என்று கிசுகிசுத்தார்.

“எந்தம்மா?”

“காலையில இருந்து பேச்சுச் சத்தம் கேக்குதுங்களே. இருமல் வேற. பாவமா இருந்துச்சு, அதான் சுடுதண்ணி கொண்டாந்தனுங்க.”

“உள்ள நான் மட்டுந்தான இருக்கேன், அண்ணே.”

காளியண்ணன் பெஞ்சைப் பார்த்தார். டம்ளரைப் படியில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

அதற்குப் பிறகு எந்தத் தலைப்பைத் தொட்டாலும் அந்த வெற்றுப் பக்கமே திறந்தது. இருமல் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்துவிட்டது. சின்னக்கண்ணு எப்போதும் போர்த்தியிருந்த கம்பளியின் ஈர வாடை அடித்தது.

“போதும்மா. வச்சிடுறேன்” என்றாள் மெர்சி.

பழைய பிரதியிலிருந்து பதினேழாம் அத்தியாயத்தை எடுத்து அதன் இடத்திலேயே வைத்தாள். மாறுதல் போயிற்று என்று தெரிந்து, அழுதுகொண்டேதான் வைத்தாள். பொருளடக்கம் உடனே சரியாகிவிட்டது. இருபத்துமூன்று தலைப்புகளும் அதனதன் பக்கத்துக்குப் போயின. இருமலும் நின்றது.

அனுப்புமுன் கடைசியாக ஒருமுறை பார்த்தாள். சின்னக்கண்ணுவின் பெயருக்குக் கீழே, சற்று உள்தள்ளி, ஓர் உபதலைப்பு.

சங்கீதா.

மெர்சி அதை எழுதியதே இல்லை. தொட்டாள். வெற்றுப் பக்கம். விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

எழுத்துகள் தாமாக வந்தன.

‘எங்கம்மாவுக்குத் தெரியாதுங்க. அன்னைக்கு ஜீப்பு மலைக்குக் கீழ நின்னுச்சு. புதுசா வேலைக்கு வந்த அக்காவோட கட்டிலும் பீரோவும் ஏத்துறதுக்கு.’

மெர்சிக்கு, தான் வேலைக்குச் சேர மலையேறி வந்த நாளின் ஜூன் மாத மழை நினைவுக்கு வந்தது. மேலே ஏதோ அவசரம், சாமானை நாளைக்கு ஏற்றிக்கொள்ளலாமா என்று டிரைவர் போனும் கையுமாகக் கெஞ்சியதும், முடியவே முடியாது என்று தான் சொன்னதும் நினைவுக்கு வந்தன. சின்னக்கண்ணு சொன்ன தேதியைத் தட்டச்சு செய்தவள், தான் வேலைக்குச் சேர்ந்த தேதியோடு அதை ஒருநாளும் சேர்த்துப் பார்த்ததில்லை.

மேஜையில் போன் அடித்தது. இளங்கோ. அவள் எடுக்கவில்லை.

இன்னொரு வரி வந்து நின்றது.

‘மிச்சத்த நீங்களே எழுதுங்கக்கா. நான் ஒக்காந்திருக்கேன்.’

பின்னால் பெஞ்சு கிறீச்சிட்டது.