ஒட்டிக்கொண்ட கண்ணாடிக் கதவு

சனிக்கிழமை காலை பத்தரை மணி. மாடம்பாக்கத்தில், கிறிஸ்துமஸுக்கு அடித்த பெயிண்ட் வாசனை இன்னும் போகாத ஒரு வீட்டு ஹாலில் புகை கிளம்பியது.

பத்து மாதக் குழந்தை எபி பாயில் தூங்கிக்கொண்டிருந்தான். அவன் அம்மா ஜெனி சமையல்கட்டில் இருந்தாள். ஏதோ கருகும் நாற்றம் வந்ததும் அவள் முதலில் பார்த்தது அடுப்பைத்தான். அது அணைந்திருந்தது. ஹாலுக்கு ஓடினாள். ஆடியோ சாமான்கள் இருக்கும் மர அலமாரிக்குப் பின்னாலிருந்து கரும்புகை புதுச் சுவரைத் தடவிக்கொண்டு மேலே ஏறியது. குழந்தையை வாரிக்கொண்டு ஓடி, எதிர்வீட்டு ஈவ்லின் ஆன்ட்டியின் கையில் திணித்துவிட்டுத் திரும்பி வந்து மெயினை அணைத்தாள். அலமாரிக்குள் ஆம்ப்ளிஃபையர் கருகிக் கிடந்தது. அதற்குமேல் எதுவும் பற்றிக்கொள்ளவில்லை. கடைக்குப் போயிருந்த கணவன் டெனிஸும் மாமியார் ரத்தினபாயும் வந்து சேர்ந்தபோது அவள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள்.

சாயங்காலத்துக்குள் வீட்டில் தீர்ப்பு எழுதி முடித்துவிட்டார்கள்.

டெனிஸ் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்தாலும் அவன் உயிர் அந்த அலமாரியில்தான் இருந்தது. படப்பையில் மரம் வாங்கி அவனே செய்தது. ஆம்ப்ளிஃபையர் ஓடினால் சுடும், மூடிய பெட்டிக்குள் அந்தச் சூடு தங்கக்கூடாது. அதற்காகப் பின்பக்கம் கீழே வரிசையாகத் துளை போட்டான், மேலே இரண்டு சின்ன ஃபேன் வைத்தான். துளை வழியாகக் காற்று உள்ளே வரும், ஃபேன் சூட்டை வெளியே தள்ளும். முன்னால் முழுக்கண்ணாடிக் கதவு, தூசி போகாதபடி சுற்றிலும் ரப்பர். ஈஸ்டர் அன்றைக்கு நாள் முழுக்கப் பாடியும் பெட்டி வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. மெயினைத் திரும்பப் போட்டபோது ஃபேன் இரண்டும் ஜம்மென்று சுற்றின. எனவே பெட்டியில் கோளாறு இல்லை. வெள்ளிக்கிழமை ராத்திரி பாட்டுக் கேட்டுவிட்டு ஜெனி ஆம்ப்ளிஃபையரை அணைக்க மறந்திருக்கிறாள், விடிய விடிய ஓடிக் கருகிவிட்டது. டெனிஸின் கணக்கு இப்படிப் போனது.

இல்லை என்று அடித்துச் சொல்ல ஜெனிக்குத் தைரியம் வரவில்லை. பிள்ளை பெற்றதிலிருந்தே அவளுக்கு மறதி. பால் பொங்கி வழிந்திருக்கிறது, போன் ஃபிரிட்ஜுக்குள் கிடந்திருக்கிறது, ஒருமுறை கேஸைக்கூடத் திறந்து விட்டிருந்தாள். அதற்கப்புறம் சமையல்கட்டை விட்டு வந்தால் திரும்பத் திரும்பப் போய்க் குமிழைத் தொட்டுப் பார்ப்பாள். பார்த்துவிட்டு வந்த மறுநிமிஷமே பார்த்தோமா என்று சந்தேகம் வரும். தன் மூளையையே நம்ப முடியாமல் போவது எவ்வளவு பெரிய பயம் என்று அவளுக்குத்தான் தெரியும்.

ரத்தினபாய் கெட்டவர் இல்லை, பயந்துபோயிருந்தார். அம்மா வீட்டுக்குப் போய்க் கொஞ்ச நாள் ஓய்வெடு, எபியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மெதுவாகத்தான் சொன்னார். ஞாயிறு சாயங்காலம் தாம்பரத்திலிருந்து அவள் அம்மா ஊரான நாசரேத்துக்கு ரயில் டிக்கெட் போட்டார்கள். ஒரே ஒரு டிக்கெட்.

ஞாயிறு மதியம், தன் வீட்டிலேயே தங்கிவிட்ட எபியின் காலுறை ஒன்றைக் கொடுக்க ஈவ்லின் வந்தார். போலீஸ் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். முட்டிவலி வந்த பிறகும் குறையாத அதட்டல் அவரிடம் உண்டு. ஹாலில் கட்டி வைத்திருந்த பையையும் அதில் பிதுங்கித் தெரிந்த புடவைகளையும் பார்த்தார்.

"பெரியவங்க துணி மட்டும்தான் இருக்கு. பையன் வரலையா?"

ரத்தினபாய் நடந்ததையும் டிக்கெட் போட்டதையும் சொன்னார். ஜெனியின் கண் கலங்கியதைப் பார்த்த ஈவ்லின், காலுறையை மேஜைமேல் வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அது விசாரணைக்கு உட்கார்ந்த உட்காரல்.

"வெள்ளிக்கிழமை ராத்திரி அணைச்சியா?"

"அணைச்சேன்னுதான் நினைக்கிறேன். சரியா தெரியல ஆன்ட்டி."

டெனிஸ் தன் அம்மாவைப் பார்த்தான். பார்த்தீர்களா என்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை.

"காலையில பாட்டு போட்டியா? எப்ப?"

"பையனைக் குளிப்பாட்டித் தூங்க வைக்கிறப்ப. ஆம்ப்ளிஃபையரை நான்தான் போட்டேனா, முன்னமே ஓடிக்கிட்டிருந்துச்சான்னு ஞாபகமில்ல. சத்தம் கம்மியாதான் வெச்சேன்."

"என்கிட்ட பையனைக் குடுத்துட்டுப் போய் என்ன பண்ணினே? ஒண்ணு விடாம சொல்லு."

"கண்ணாடிக் கதவை இழுத்தேன். வரலை. அப்படியே ஒட்டிக்கிட்டு நின்னுச்சு. ஓடிப்போய் மெயினை அணைச்சேன். திரும்பி வந்து தொட்டேன், உடனே திறந்துடுச்சு."

பதற்றத்தில் அப்படித்தான் தோன்றும் என்றான் டெனிஸ். மழைக்கு மரம் ஊதியிருக்கும் என்றார் ரத்தினபாய். ஈவ்லின் இரண்டுக்கும் தலையாட்டவில்லை. பெயிண்ட் அடித்தவர்கள் அலமாரியை நகர்த்தினார்களா என்று டெனிஸிடம் கேட்டார்.

"அவங்களைத் தொடவே விடலை ஆன்ட்டி. நானே இழுத்தேன், நானே மூடினேன், நானே தள்ளி வெச்சேன். ஒரு சொட்டு பெயிண்ட் பட்டிருக்கா பாருங்க."

ஈவ்லின் பார்த்தார். படவில்லைதான். அதற்குப்பின் பெட்டி எப்போது ஓடியது என்று கேட்டார். கழற்றி வைத்த ஸ்பீக்கர் ஒயர்களை வெள்ளிக்கிழமை ராத்திரிதான் மாட்டினானாம். கதவைத் திறந்து வைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் சோதித்தானாம். பிறகு ஜெனி கதவை மூடி வைத்துக்கொண்டு இரண்டு பாட்டுக் கேட்டாளாம்.

"ஃபேனைப் போடு. கதவைச் சாத்து."

டெனிஸ் செய்தான். ரத்தினபாயைத் திறக்கச் சொன்னார் ஈவ்லின். கண்ணாடி வரவில்லை. இன்னொரு முறை வெடுக்கென்று இழுத்த பிறகுதான் வந்தது. மறுபடி சாத்தச் சொல்லி, இப்போது ஃபேன் ஸ்விட்சை அணைக்கச் சொன்னார். ரத்தினபாயின் ஒற்றை விரலுக்கே கதவு வந்துவிட்டது.

"மரம் ஊதியிருந்தா ஸ்விட்சை அணைச்சதும் வத்திடுமா? அதுவும் இது கண்ணாடி," என்றார் ஈவ்லின். "ஃபேன் உள்ள இருக்கிற காத்தை உறிஞ்சுது. வெளியிலேருந்து புதுசா வர வழியில்ல. அதான் கதவை உள்ளே இழுத்துப் பிடிச்சுக்கிச்சு. இந்தப் பொண்ணு அதைத்தான் சொல்லுது, நீங்க பதற்றம்னு சொல்லி மூடி வெச்சிட்டீங்க. டெனிஸ், பெட்டியை நகர்த்து."

அலமாரி சுவரை விட்டு வந்தது. பின்பக்கம் கீழே, துளை வரிசை இருக்கவேண்டிய இடத்தில் செய்தித்தாள் ஒன்று நாலாக மடித்து, ஓரம் பிசகாமல் டேப் போட்டு ஒட்டியிருந்தது. அதன்மேல் புதுச் சுவரின் நிறத்தில் பெயிண்ட் தெறித்திருந்தது.

பெயிண்ட் உள்ளே போகக்கூடாதென்று மேலேயும் கீழேயும் பேப்பர் ஒட்டியவன் டெனிஸ்தான். மேலே இருந்ததைப் பிய்த்த நேரத்தில் சர்ச் கேரல் குழுவிலிருந்து போன் வந்தது. பேசிக்கொண்டே பெட்டியைத் தள்ளிவிட்டான். அதற்கப்புறம் ஃபேன் சுற்றுவதைப் பார்த்துப் பார்த்துத் திருப்திப்பட்டானே தவிர, குனிந்து கீழே பார்க்கவில்லை.

"மறந்தது யாருன்னு பெட்டியே சொல்லிடுச்சு. என்னைத் தவிர யாரும் தொடலைன்னு நீயும் சொல்லிட்டே," என்றார் ஈவ்லின். பிறகு ஜெனி பக்கம் திரும்பினார். "மெதுவா பாடினதுக்கே காலையில கொஞ்ச நேரத்துல கருகிடுச்சு. ராத்திரி நீ அணைக்காம விட்டிருந்தா ராத்திரியே புகைஞ்சிருக்கும். நீ அணைச்சேம்மா."

நீ அணைச்சே. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் இரண்டு நாளாகத் தவித்துக்கொண்டிருந்தாள். முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

ரத்தினபாய்க்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. இடுப்பிலிருந்த எபியை ஜெனியின் மடியில் உட்கார வைத்தார். கட்டிய பையை அவரே அவிழ்த்து, புடவைகளை ஒவ்வொன்றாக பீரோவுக்குள் திரும்ப அடுக்கினார். டெனிஸ் தரையில் உட்கார்ந்து டேப்பைப் பிய்த்தான். "ஜெனி" என்று கூப்பிட்டான். பேப்பரைக் கையில் கசக்கிக்கொண்டிருந்தான். அவளும் உடனே அவனை மன்னித்துவிடவில்லை. என் பிள்ளையை என்னிடமிருந்து பிரிக்கப் பார்த்தாயே என்று மட்டும் கேட்டாள், அவன் தலை குனிந்துகொண்டான்.

ரயில் நேரத்துக்கு அந்த வீட்டில் டீ போட்டார்கள். ஜெனிதான் போட்டாள். தம்ளர்களைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, எபியை எடுத்துக்கொண்டு ஈவ்லின் பக்கத்தில் உட்கார்ந்தாள். சமையல்கட்டுப் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் டெனிஸ் யாரிடமும் சொல்லாமல் எழுந்து உள்ளே போனான். கேஸ் மூடியிருக்கிறதா என்று, இத்தனை நாள் ஜெனி செய்ததுபோலவே, குமிழைத் தொட்டுப் பார்த்தான். மூடித்தான் இருந்தது.