மிடறுக்குழாய்

நிகரியின் திரையில் உப்பாற்று நகருக்கு அடியில் இரண்டு மாதத் தண்ணீர் தெரிந்தது. குழாயில் வந்ததோ நூல் மாதிரி. காலையிலிருந்து பிரகாசிக்கு இருப்புக் கொள்ளவில்லை. திரைக்கும் ஜன்னலுக்கும் நடந்துகொண்டே இருந்தாள்.

ஏழு ஆண்டுகளாக அந்த ஊரில் தொட்டியும் இல்லை, தண்ணீர் லாரியும் இல்லை. தெருக்களுக்கு அடியில் பரப்பிய நனைமணல் மழையைக் குடித்து வைத்துக்கொள்ளும். மணல்துகள் ஒவ்வொன்றின் மேலும் தண்ணீரை விரும்பும் மெல்லிய பூச்சு. வீட்டுக்கு வீடு ஓர் உறிஞ்சி அதை மேலே இழுக்கும். எந்தத் துளி எந்த இடுக்கு வழியாக நகரும் என்று கணக்கிடும் நிகரி என்ற கணினி நிரலை எழுதியவள் பிரகாசி. மிடறுக்குழாயும் அவள் யோசனைதான். ஒரு முறைக்கு ஒரு செம்பு, பிறகு தானே மூடிக்கொள்ளும். தண்ணீரை வீணாக்குவது எப்படி என்றே ஊர் மறந்துவிட்டது. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

"தண்ணி கெடக்குன்னு சொல்லுதீய, மேல வரமாட்டேங்கே. என்ன விசயம்மா?" என்றார் குழாய் பழுது பார்க்கும் பிச்சையா.

தெருவில் தோண்டி எடுத்த மணலை மேசையில் கொட்டி, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டாள். உடனே உள்ளே இறங்கியிருக்க வேண்டிய சொட்டு, எண்ணெய்ச் சட்டியில் விழுந்ததுபோல் உருண்டு நின்றது.

"ஒவ்வொரு செம்புக்கும் தண்ணி வெளிய போகுது, காத்து உள்ள வருது அண்ணாச்சி. ஒவ்வொரு தடவையும் பூச்சு இம்மியளவு கெட்டிருக்கு. ஒரேயடியா இழுத்திருந்தா இவ்வளவு கெட்டிருக்காது. நாமதான் செம்பு செம்பா எடுத்தோமே. இப்ப தண்ணி துண்டு துண்டா இடுக்குல மாட்டி நிக்குது."

"ஒங்க நிகரி சொல்லலையா?"

"மொத நாள் பூச்ச அளந்த கணக்கையே அதுல வச்சிருந்தேன். மாறும்னு தோணவேயில்ல." சொல்லும்போதே அவமானத்தில் காது சுட்டது.

வழி ஒன்றுதான் இருந்தது. எல்லா உறிஞ்சிகளையும் ஒரே நேரத்தில் முழு வேகத்துக்கு ஏற்றி, எல்லாக் குழாய்களையும் நாற்பது நிமிடம் திறந்துவிட வேண்டும். அந்த வேகம் சிக்கிய துளிகளை இழுத்து ஒன்றோடொன்று கோத்துவிடும். முதலில் வருவது சாக்கடைக்குப் போகும். அதன்பின் ஒரு மாதத் தண்ணீராவது ஒழுங்காக வரும். நடுவில் வேகம் தளர்ந்தால் கோத்த இழை அறுந்துவிடும், மறுபடி சேராது. மழைக்கு இன்னும் இரண்டு மாதம். நாற்பதாயிரம் பேர்.

பதினோரு மணிக்கு ஒலிபெருக்கியில் ஊருக்கு அறிவித்தாள். தானே மூடும் பூட்டுகளை அலுவலகத்திலிருந்தே விடுவித்தாள்; இனி கையால் திருகினால்தான் மூடும். அலுவலக மூலையிலிருந்த குழாயைப் பிச்சையா முழுக்கத் திருகிவிட்டார். ஊர் முழுக்கத் தண்ணீர் கொட்டியது. திரையில் நீல இழைகள் ஒன்றையொன்று தேடிப் பிடித்தன.

பதினெட்டாவது நிமிடத்தில் செக்கடித் தெரு மங்கியது. பிச்சையா அங்கே ஒரு வீட்டுக்குப் போனில் பேசினார். மறுமுனையில் ஒரு பெண்.

"எல்லாரும் தெறந்துதானே வச்சிருக்காவ. நான் ஒருத்தி மூடுனா என்ன ஆயிரப் போவுது? கண்ணு முன்னால சாக்கடைக்கு ஓடுறதப் பாத்துக்கிட்டு இருக்க மனசு வரலண்ணாச்சி."

அடுத்து மாதா கோயில் தெரு. அதற்கடுத்து நான்கு தெருக்கள் சேர்ந்தாற்போல. பிச்சையா செருப்பைக்கூடப் போடாமல் தெருவுக்கு ஓடினார். பிரகாசி ஒலிபெருக்கியில் கெஞ்சினாள், திறந்தே வையுங்கள் என்று. கெஞ்சிக்கொண்டே அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள்.

முப்பத்து மூன்றாவது நிமிடத்தில் இழைகள் அறுந்தன. நீலம் புள்ளி புள்ளியாகச் சிதறி, அங்கங்கே அசையாமல் நின்றது. ஏழு நிமிடம் பொறுக்க முடியவில்லையா இந்த ஊருக்கு? ஆத்திரம் தாங்கவில்லை. நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட வேண்டும் என்று ஒலிவாங்கியை இறுக்கிப் பிடித்தாள்.

அது கையில் வழுக்கியது. விரல்கள் ஈரமாயிருந்தன.

திரும்பிப் பார்த்தாள். மூலையிலிருந்த குழாய் இறுக மூடியிருந்தது. பிச்சையா வெளியே போய்ப் பத்து நிமிடம் ஆகிறது. அறையில் அவளைத் தவிர யாரும் இல்லை.