நாற்பது அடிப் படம்

சூரியநெல்லித் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக இருக்கிறது. இதுவரை யார் வாசலிலும் போய், "தாருங்கள்" என்று நின்றதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் மூத்த பேத்தி புஷ்பமேரி ஓவியக் கல்லூரியில் படித்து முடித்தவள். இளையவள் ஜிஸ்மிக்கு வயது பத்து, வாய்க்கு இருபது.

புஷ்பமேரி நாற்பது அடி நீளத் துணியில் ஒரு படம் வரைந்திருந்தாள். பன்னிரண்டு பெண்கள் வரிசையாக நின்று தேயிலைக் கொழுந்து கிள்ளும் படம். அதைப் பார்க்கக் கொச்சியிலிருந்து பீனா மேடம் ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்தது. வெளியூரிலிருந்து பிழைக்க வந்த குடும்பங்களின் பிள்ளைகள் ஓவியம் படித்துவிட்டு வீட்டில் முடங்கிவிடக் கூடாது என்று, அவருடைய அமைப்பு அவர்களுக்குக் கொச்சி ஓவியக்கூடத்தில் இடம் தருகிறது. படம் பிடித்தால் புஷ்பமேரிக்கு ஆறு மாதம் அங்கே இடம் உண்டு.

ஆனால் படத்தை எங்கே விரித்துக் காட்டுவது? தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் எங்கள் வீட்டுச் சுவர் பத்தடி. மாதா கோயில் மண்டபத்திலோ அன்று கல்யாணம்.

"மேனேஜர்கிட்ட கிளப் ஹாலைக் கேளுங்க தாத்தா. நீங்க சொன்னா தருவாரு" என்றாள் புஷ்பமேரி.

"இந்தச் சூசையப்பன் யார்கிட்டயும் போய் நிக்க மாட்டான்!" என்றேன்.

அவள் துணியைச் சுருட்ட ஆரம்பித்தாள்.

ஜிஸ்மி குனிந்து பார்த்தாள். "அக்கா, இது பிலோமி அத்தை மூக்குதானே?"

"ஆமா. பன்னிரண்டு பேரும் நம்ம லயத்து ஆளுகதான்."

"அப்ப யாருகிட்டயும் எதையும் கேக்க வேண்டாம். அவங்க படத்தை அவங்களே பிடிக்கட்டும்!"

நான் வாய் திறப்பதற்குள் ஓடிவிட்டாள்.

ஞாயிறு பூசை முடிந்ததும் பன்னிரண்டு பேரும் தேயிலைத் தோட்டத்துப் பாதைக்கு வந்துவிட்டார்கள். படத்தில் எல்லோர் இடுப்பிலும் வேலைக்குக் கட்டும் சாக்கு. நேரில் எல்லோரும் பட்டுச் சேலை!

"கொச்சி மேடம் வர்றாங்க, சாக்கோடயா நிப்பாக?" என்றாள் பிலோமி. "ஏட்டி புஷ்பம், என் மூக்கு இம்புட்டுப் பெருசா?"

"குறைச்சுத்தான் வரைஞ்சிருக்கா!" என்றாள் பக்கத்தில் நின்றவள்.

யார் எங்கே நிற்பது என்று ஒரே கூச்சல். துணி முறுக்கிக்கொண்டது. தூரத்தில் கார் சத்தம் கேட்டது.

"வேலைக்கு நிக்கிற மாதிரி அவங்கவங்க நிரையில நில்லுங்க!" என்று கத்தினாள் ஜிஸ்மி.

கொழுந்து கிள்ளும்போது ஒவ்வொருத்திக்கும் ஒரு செடிவரிசை உண்டு. அதுதான் நிரை. மற்றவள் நிரையில் யாரும் கால் வைக்க மாட்டார்கள். ஒரு நொடியில் அவரவர் படத்துக்குப் பின்னால் அவரவர் நின்றார்கள். துணி நேராக விரிந்தது.

கடைசி முனை மட்டும் தொங்கியது.

"தாத்தா, அதைப் பிடிங்க! நீங்க எப்பவும் கம்பு மாதிரிதானே நிப்பீங்க!"

பன்னிரண்டு பேரும் சிரித்தார்கள். நான் பிடித்தேன்.

பீனா மேடம் துணியில் ஒரு முகம், மேலே ஒரு முகம் என்று பார்த்துக்கொண்டே மெதுவாக நடந்து வந்தார். கடைசியில் என்னைப் பார்த்து, "இவர் படத்தில் இல்லையே?" என்றார்.

"இவருதான் மேடம் சுவரு" என்றாள் ஜிஸ்மி.

அவர் சிரித்துவிட்டுப் புஷ்பமேரியின் கையைப் பற்றினார். "அடுத்த மாதமே கொச்சிக்கு வந்துவிடு. இவர்களும் ஒருநாள் வர வேண்டும். படத்தை இப்படித்தான் எல்லோருக்கும் காட்ட வேண்டும்."

அன்று முக்கால் மணி நேரம் நான் கையை இறக்கவில்லை. தோள் மூன்று நாள் வலித்தது. அதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.