மருந்துக்கும் அடங்காதவன்

பரிசோதனைக்கூடத்தின் டெலிபோன் காலை ஒன்பது மணிக்கே அலறியது.

அந்த ஆஸ்பத்திரி முழுவதும் 'கிருமி டாக்டர்' என்று அழைக்கும் பெண் ரிசீவரை எடுத்தாள்.

"டாக்டர்... ஐ.சி.யூ. சிஸ்டர் பேசறேன். நாலாம் பெட் பேஷண்ட்டுக்கு நூத்தி மூணு டிகிரி! மருந்து ஆரம்பிச்சு அஞ்சு நாளாச்சு. காய்ச்சல் அசையவே மாட்டேங்குது!"

"அவர் ரத்தத்துலயும் அதே ஈஸ்ட் பூஞ்சைதான் வளர்ந்திருக்கு, சிஸ்டர். இப்பதான் பார்த்தேன்."

"அப்போ... இவர் மூணாவது ஆளா?"

முதல் இரண்டு பேர் போன வாரமே போய்ச் சேர்ந்திருந்தார்கள்.

"இன்னொரு விஷயம், டாக்டர்... இங்க போலீஸ் வந்திருக்கு!"

ரிசீவரை வைத்தாளா, போட்டாளா என்று அவளுக்கே தெரியாது. இரண்டு மாடி இறங்கி ஓடினாள்.

ஐ.சி.யூ. வாசலில் ஓர் இன்ஸ்பெக்டர். பக்கத்தில் அழுது முகம் வீங்கிய ஒரு பெண். நாலாம் பெட்காரரின் மனைவி. எதிரே, சட்டைக் காலரை ஒரு கான்ஸ்டபிளிடம் பறிகொடுத்துவிட்டு நின்ற ஒல்லி மனிதன், நோயாளியின் தம்பி. ஆஸ்பத்திரிக்கு எதிரே மருந்துக்கடை வைத்திருப்பவன்.

"இவன்தான் சார்! இவன் கடை மருந்துதான் மூணு பேருக்கும் போச்சு. அத்தனையும் போலி! சொந்த அண்ணனையே கொல்லப் பாக்கறான்!"

"அண்ணி... நானா? அண்ணனையா?"

"அண்ணின்னு கூப்பிடாதே!"

ஐ.சி.யூ.வின் சீஃப் டாக்டர் தொண்டையைச் செருமினார்.

"நான்தாம்மா சந்தேகத்தைச் சொன்னேன். மருந்து நல்லதா இருந்தா காய்ச்சல் இறங்கியிருக்கணும். இறங்கல. அப்போ மருந்து போலி. இதுக்குப் பெரிய படிப்பு வேணுமா?"

'வேணும்' என்று நாக்கு நுனிவரை வந்ததைக் கிருமி டாக்டர் விழுங்கிக்கொண்டாள்.

"மிச்சமிருக்கற மருந்தை எனக்குக் குடுங்க. ஒரே ஒரு நாள் டயம், இன்ஸ்பெக்டர். அதுவரைக்கும் அந்த ஆளை அடிச்சிடாதீங்க."

"சும்மா உக்கார வைக்கறேன், மேடம்."

"சீஃப், அதுவரை வேற வகை மருந்துக்கு மாத்திடலாம். இன்னிக்கே!"

சீஃப் முனகினார். போலீஸ் பார்த்துக்கொண்டிருந்ததால் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலை. இன்ஸ்பெக்டர் பரிசோதனைக்கூட மேஜையின் மேல் குனிந்தார்.

இரண்டு கண்ணாடித் தட்டுகள். இரண்டின் நடுவிலும், அந்தக் கடை மருந்தில் நனைத்த சின்னக் காகித வில்லை.

"முதல் தட்டுல சாதாரண ஈஸ்ட். வில்லையைச் சுத்திப் பாருங்க."

"சுத்தமா இருக்கு. ஒண்ணுமே முளைக்கல."

"மருந்து கொன்னுடுச்சு. அப்போ மருந்து அசல்! ரெண்டாவது தட்டுல நாலாம் பெட்காரரோட ஈஸ்ட்."

இன்ஸ்பெக்டரின் புருவம் ஏறியது. வெள்ளைப் படலம் வில்லையின் விளிம்புவரை முட்டிக்கொண்டு வளர்ந்திருந்தது!

"என்ன மேடம், இந்த ஈஸ்ட் பயல் மருந்து மேலேயே சாஞ்சு தூங்கறான்!"

"இவனுக்கு அது பழகிப்போச்சு, சார். ஐ.சி.யூ.வுக்குள்ள வர்ற எல்லாருக்கும், தேவையோ இல்லையோ, முன்னெச்சரிக்கைன்னு இதே மருந்தைப் போட்டாங்க. சாதுவான ஈஸ்ட்டெல்லாம் செத்துப்போச்சு. முரடன் மட்டும் மிஞ்சிப் பெருகிட்டான்."

"எல்லாருக்கும் போடச் சொன்னது?"

"சீஃப்."

"ஓஹோ! சரி, முரடன் ஒரு உடம்புலேர்ந்து இன்னொண்ணுக்கு எப்படிப் போனான்?"

"மூணு பேர் அக்குள்லயும் வெச்சது ஒரே எலக்ட்ரானிக் தெர்மாமீட்டர். அதுல ஒட்டி, தோலுக்கு வந்து, டிரிப்ஸ் குழாய் வழியா ரத்தத்துக்குப் போயிருக்கும்னு நினைக்கறேன். சோதிக்கணும்னு சீஃப்கிட்ட சொல்லிட்டு, நேத்து சாயங்காலம் போனேன்..."

"போனீங்க?"

"தெர்மாமீட்டரைக் காணோம்!"

ஐந்தாவது நிமிடம் இருவரும் சீஃபின் அறையில் இருந்தார்கள். பின்னாலேயே ஐ.சி.யூ. சிஸ்டரும் வந்து வாசலில் நின்றாள்.

"பொதுத் தெர்மாமீட்டரா?" சீஃப் சிரித்தார். "அப்படி ஒண்ணு என் ஐ.சி.யூ.வில கிடையவே கிடையாது. பெட்டுக்குப் பெட்டு தனித்தனி!"

சிஸ்டர் வாயைத் திறந்தாள். சீஃப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டாள்.

கிருமி டாக்டர் நிதானமாக நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"போனா போகட்டும், சார். எடுத்தவங்களை நினைச்சாத்தான் பாவமா இருக்கு."

"ஏ... ஏன்?"

"கையில ஒட்டியிருக்குமே! அது லேசுல சாகாது. சும்மா ஒரு ஷேவிங் கீறல் போதும்... உள்ள போயிடும். அப்புறம் எந்த மருந்தும் கேக்காது."

கடைசி இரண்டு வாக்கியங்களில் அவள் கொஞ்சம் கூடுதலாகவே உப்பு, காரம் சேர்த்திருந்தாள்.

சீஃபின் வலது கை தாடைக்குப் போனது. அங்கே, காலையில் பிளேடு போட்ட புதுக் கீறல்!

மூன்று விநாடி... நான்கு விநாடி...

தடாலென்று எழுந்தார். கோட்டுப் பைக்குள்ளிருந்து எதையோ உருவி மேஜையில் விட்டெறிந்தார். வாஷ்பேசினுக்குப் பாய்ந்து, சோப்பைக் கையில் போட்டு, முழங்கைவரை, தோல் உரியத் தேய்க்க ஆரம்பித்தார்.

மேஜையில் உருண்டது... தெர்மாமீட்டர்!

இன்ஸ்பெக்டர் கை நீட்டினார்.

"தொடாதீங்க!" கிருமி டாக்டர் கையுறை மாட்டிய கையால் எடுத்து ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டாள்.

"ஆஸ்பத்திரி பேர் கெட்டுடுமேன்னுதான்..." என்றார் சீஃப், நுரைக்கு நடுவே.

"அதுக்கு ஒரு கடைக்காரன் கம்பி எண்ணணுமா? செத்துப்போன ரெண்டு பேருக்கு என்ன பதில் சார் சொல்வீங்க?" இன்ஸ்பெக்டர் போனை எடுத்தார். "யோவ், அந்த மருந்துக்கடைக்காரரை உடனே அனுப்பு. ஜீப்லயே கொண்டுவந்து விடு!"

"சீக்கிரம் வரச் சொல்லுங்க, சார்," என்றாள் சிஸ்டர். "நாலாம் பெட்டுக்குப் புது மருந்து பிடிச்சிருச்சு. காய்ச்சல் நூறுக்கு இறங்கியாச்சு. கண்ணைத் திறந்ததும் 'தம்பி எங்கே'ன்னுதான் கேட்டார். அந்தம்மா சுவத்துல முட்டிக்கிட்டு அழறாங்க."

கிருமி டாக்டர் தெர்மாமீட்டர் பையின் வாயை இறுக்கிக் கட்டினாள்.

சீஃப் இன்னும் தேய்த்துக்கொண்டிருந்தார். விரல் இடுக்கு, நகக்கண், மணிக்கட்டு...

"ஏன் சிஸ்டர் அப்படிப் பாக்கறீங்க?" என்றார் இன்ஸ்பெக்டர்.

சிஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒவ்வொரு பேஷண்ட்டையும் தொடறதுக்கு முன்னாடி கையைக் கழுவுங்க சார்னு பத்து வருஷமா கெஞ்சினேன்... இதுக்குப் போலீஸ் வரணும்னு தெரிஞ்சிருந்தா அன்னிக்கே நூறுக்கு போன் பண்ணியிருப்பேனே!"