ரெண்டே சீட்டு

கூவி ஆள் சேர்ப்பதை விட்ட அன்றுதான் மனிதன் முழு மனிதன் ஆனான் என்பது ஞானதிரவியத்தின் முடிவான கருத்து. 2091இல் கோவில்பட்டி விமான நிலையத்தின் மேலாளர் அவர். வேறு ஆள் இல்லாததால் பயணிகளின் பெட்டியையும் அவரே தூக்கினார்.

"மினிபஸ்காரன் மாதிரி கத்தணுமாக்கும்? நமக்கு முன்னுணர்வி இருக்கு," என்றார், இன்ஜின் பார்க்கும் இசக்கியம்மாளிடம். எல்லார் மண்டைக்குள்ளும் பதித்த சில்லைப் படித்து, யாருக்கு எங்கே போகத் தோன்றப்போகிறது என்று அவருக்கே தெரியுமுன் சொல்லிவிடும் கருவி அது. இன்றைய சேலம் விமானத்துக்கு ஒன்பது பேர் என்றிருந்தது. விமானத்தில் இருக்கையும் ஒன்பதுதான்.

அத்தனையும் நிறையாவிட்டால் இன்றோடு உரிமம் ரத்து. மதுரையில் குழல்வண்டி ஏறினால் எந்த ஊரும் பத்தே நிமிடம் என்றான பிறகு குட்டி விமானத்தை யார் சீந்துகிறார்கள்?

மணி எட்டாகியும் உள்ளே நாலு பேர்தான். வழுக்கைத்தலைக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"கிளம்புமா, இல்ல இறங்கட்டுமா?"

"இந்தா கிளம்பிரும்," என்றவர், இசக்கியிடம் திரும்பினார். "மிச்ச அஞ்சு பேரு எங்க?"

"அந்தா நிக்காங்களே சார், டீக்கடையில."

ஐவரும் டீயை ஊதியபடி விமானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்னுணர்வி தப்பவில்லை.

"ஏன் ஏறல?"

"நிறையாத வண்டியில எவன் சார் முன்னாடியே ஏறி உக்காருவான்? நகரும்போது ஓடியாந்துக்கலாம்னு நிக்காங்க. கொஞ்சம் உருட்டச் சொல்லுங்க."

"அசிங்கம். நாம நடத்துறது விமானம், இசக்கி."

"சரி சார். நாளையிலேருந்து அதையும் நடத்த வேண்டாம்."

வழுக்கைத்தலைக்காரர் பெட்டியைக் கையில் எடுத்துவிட்டார்.

ஞானதிரவியம் விமானியறைக்குள் தலையை நீட்டினார். "கொஞ்சம் முன்ன பின்ன நகத்துப்பா."

"புறப்படாமல் நகர்வது பொய்," என்றது விமானி எந்திரம். "என் நிரலில் பொய் இல்லை."

"பொய் யாரு சொன்னா? சக்கரத்தைச் சோதிக்கோம்."

"சோதனைக்கு அனுமதி உண்டு."

விசிறிகள் உறுமின. விமானம் இரண்டடி முன்னே போய், ஒன்றரை அடி பின்னே வந்தது. வழுக்கைத்தலைக்காரர் உட்கார்ந்தார். டீக்கடையில் ஒரு கிளாஸ் அவசரமாகக் கீழே வைக்கப்பட்டது.

ஞானதிரவியம் வாசற்படியில் ஒற்றைக் காலை ஊன்றி, மற்றதை வெளியே தொங்கவிட்டு, விமானத்தின் வயிற்றில் ரெண்டு தட்டு தட்டினார். இசக்கி பார்க்கிறாளா என்று ஒருமுறை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார். பிறகு, மெதுவாகத்தான் ஆரம்பித்தார்.

"சேலம், சேலம், சேலம்... ரெண்டே சீட்டு. ஏறுனா கிளம்பிரும்."